கால் முறிந்த தம்பிக்கு 3 இலட்சம் தருகிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?

மட்டுவில் அக்கா | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் விபத்தில் அடிபட்டு அலைந்தவர்களும் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 34 வயது, மேசன் வேலை. நாலரை மாதத்துக்கு முன் காலையில் வேலைக்குப் போகும்போது, கண்டி வீதியில் கொடிகாமத்துக்குக் கிட்ட, ஒழுங்கையில் இருந்து திடீரென்று ஏறிய ஹயஸ் வான் ஒன்று அவனுடைய மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. சாவகச்சேரியில் கட்டுப்போட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிளேட் வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். 16 நாள் வார்ட்டில் இருந்தான். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான், ஆனால் முழங்கால் முழுதாக மடங்கவில்லை. குந்த முடியாது. ஏணியில் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது.

வான்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தார். இப்போது காப்புறுதிப் பக்கத்தில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 இலட்சம் தருவதாகச் சொல்லி ஒரு ஆங்கிலக் கடிதம் தந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தால் பிறகு ஒன்றும் கேட்க முடியாதாம். அம்மா வாங்கச் சொல்கிறா. தம்பியின் மனைவி அடகு வைத்த சங்கிலியை நினைத்து அழுகிறாள். தம்பி வாயே திறப்பதில்லை.

3 இலட்சம் நியாயமான தொகைதானா? இதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?


பனங்கூடல் | ஞாயிறு, இரவு 9.15

அக்கா, என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வாங்குங்கள். என் மச்சான் விபத்துக்கு வழக்குப் போட்டு ஆறு வருடம் கோட்ஸ் ஏறி இறங்கினான். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போனது, லோயருக்குக் காசு போனது. கடைசியில் கிடைத்த தொகையில் பாதி செலவுக்கே சரி. கையில் வரும் காசு கையில் இருக்கட்டும். சங்கிலியையும் மீட்டுவிடலாம்.


பழைய கந்தோர்காரன் | ஞாயிறு, இரவு 10.05

பிள்ளை, வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டாம். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நட்டஈட்டுக் கோவைகளோடு வேலை செய்தவன், இப்போது ஓய்வு. காப்புறுதிக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கோவையைக் கெதியாக மூடுவது அவர்களுடைய வேலை. உங்கள் வேலை அது இல்லை.

அந்தக் கடிதம் விடுவிப்புப் பத்திரம் போலத் தெரிகிறது. அதில் கையெழுத்து விழுந்தால், நாளை எலும்பு பொருந்தாமல் இன்னொரு ஒப்பரேஷன் வந்தாலும் கேட்க வழியில்லை. அதனால்தான் காயம் ஆறிக்கொண்டிருக்கும்போது விலை பேசக் கூடாது என்கிறேன். “இனி இதற்கு மேல் தேறாது, இவ்வளவுதான் மடங்கும்” என்று எலும்பு நிபுணர் எழுதித் தரும் நாள் வரைக்கும் உங்கள் தம்பியின் இழப்பு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி விலை சொல்வது?

ஒரு கேள்வி. தம்பிக்கு நாள் சம்பளம் எவ்வளவு? மாதம் எத்தனை நாள் வேலை?


மட்டுவில் அக்கா | ஞாயிறு, இரவு 10.30

நன்றி ஐயா. நாளுக்கு 4,500. நல்ல மாதத்தில் 24, 25 நாள். கார்த்திகை, மார்கழி மழைக்கு 10 நாள்கூட வராது.


பழைய கந்தோர்காரன் | ஞாயிறு, இரவு 11.10

அப்படியென்றால் வருடச் சராசரியாக மாதம் 20 நாள் என்று வைப்போம். கூட்டிச் சொன்னால் கணக்கு முழுவதையும் நம்ப மாட்டார்கள். மாதம் 90,000. நாலரை மாதத்துக்கு 4,05,000 ரூபா. அவர்கள் தருவதாகச் சொல்வது 3 இலட்சம். இதுவரை போன சம்பளத்துக்கே காணாது. முறிந்த காலுக்கும் வலிக்கும் இனி வரும் நாட்களுக்கும் அதில் ஒரு சதமும் இல்லை.

இலவச வைத்தியம் என்பதால் “செலவு ஒன்றும் இல்லையே” என்று சொல்வார்கள். எங்கள் நாட்டில் அரச ஆஸ்பத்திரி இலவசம்தான், அது பெரிய கொடை. ஆனால் கிளினிக்குக்கு ஓட்டோவில் போய் வந்த காசு யார் தந்தது? வெளியே எடுத்த ஸ்கான், வாங்கிய மருந்து, ஊன்றுகோல்? வார்ட்டில் பக்கத்தில் நின்ற மனைவி எத்தனை நாள் உழைப்பை விட்டாள்? குந்த முடியாது என்றீர்கள். வீட்டில் குந்து மலசலகூடம் என்றால் கொமட் வைத்தீர்களா? அந்தக் கூலி, சீமெந்து எல்லாம் இந்த விபத்தின் செலவுதான். ஒரு கொப்பி வாங்கி திகதி போட்டு எழுதுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் எழுதுங்கள். நினைவில் இருப்பதை மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் சொன்னால் அதற்குப் பெறுமதி குறைவு.

பிளேட்டைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கும் இன்னும் ஆறு வாரம் வேலை போகும். அதுமட்டும் 1,35,000.


வடமராட்சித் தம்பி | திங்கள், காலை 6.50

அக்கா, கோபிக்க வேண்டாம், கேட்டே ஆக வேண்டிய ஒன்று. ஹெல்மெட் போட்டிருந்தாரா? லைசென்ஸ் இருந்ததா? எங்கள் பக்கம் ஒருவருக்கு இதைச் சொல்லியே பாதியாகக் குறைத்தார்கள்.


மட்டுவில் அக்கா | திங்கள், காலை 7.20

லைசென்ஸ் இருக்கிறது. ஹெல்மெட் தலையில் இருந்தது, ஆனால் நாடா பூட்டவில்லை. வீட்டுக்கு வந்தவரும் இதைத்தான் முதலில் சொன்னார். “உங்கள் தம்பியிலும் பிழை இருக்கிறதே” என்று. தம்பி அதைக் கேட்டுக் கூனிப்போனான். அன்றிலிருந்துதான் கதைப்பது குறைந்தது.


கறுப்புக் கோட்டு | திங்கள், காலை 9.30

நான் மல்லாகம் பக்கம் தொழில் செய்யும் சட்டத்தரணி. பெயர் போடாமல் பொதுவாகச் சொல்கிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வது முழுமையான ஆலோசனை ஆகாது.

ஹெல்மெட் பற்றி முதலில். அடிபட்டவரிலும் கவனக்குறைவு இருந்தால் அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம். இதற்கு 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கவனக்குறைவு இந்த இழப்புக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். முறிந்தது கால். ஹெல்மெட் நாடாவை எத்தனை முறை பூட்டியிருந்தாலும் அந்தக் கால் முறிந்தே இருக்கும். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். நாடா பூட்டாதது பிழைதான், ஆனால் காலை முறித்தது அந்தப் பிழை இல்லை. வேகம், பாதையின் எந்தப் பக்கத்தில் வந்தார், விளக்கு எரிந்ததா, இவை வேறு விடயம். அதற்குப் பொலிஸார் அளந்து கீறிய வரைபடம் முக்கியம்.

இரண்டாவது, காலம். பிறர் கவனக்குறைவால் வந்த இழப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட காலவதிச் சட்டப்படி 2 ஆண்டுதான் இருக்கிறது, விபத்து நடந்த நாளில் இருந்து. காப்புறுதி நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

மூன்றாவது, பலர் தவறவிடுவது. எங்கள் முறையில் வழக்கு சாரதிக்கும் உரிமையாளருக்கும் எதிராகப் போகும், தீர்ப்பு வந்தால் காப்புறுதி நிறுவனம் கட்ட வேண்டும். ஆனால் வழக்குப் போட முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதைத் தவறவிட்டால் வழக்கில் வென்றும் வான்காரரின் சட்டைப்பையைத்தான் பார்க்க வேண்டி வரும்.


காவிரிக்கரை | திங்கள், மதியம் 12.15

திருச்சியிலிருந்து எழுதுகிறேன், உள்ளே வரலாமா? எங்கள் ஊரில் இதற்குத் தனியாக மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி. 2009இல் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஏற்ப ஒரு பெருக்கல் எண் வகுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. வருடத்துக்கு எவ்வளவு வருமானம் குறைகிறதோ அதை 16ஆல் பெருக்க வேண்டியதுதான். இத்தனை வருடச் சம்பளத்தையும் ஒரே நாளில் கையில் கொடுப்பதால், வட்டியையும் ஆயுளின் நிச்சயமின்மையையும் நினைத்து எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இதைவிட முக்கியமான இன்னொன்று. 2011இல் அதே நீதிமன்றம், மருத்துவர் கொடுக்கும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொன்னது. ஒரு கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும், அலுவலகத்தில் எழுதுகிறவர் வேலையில் தொடரலாம். கை ஒன்றுதான், இழப்பு வேறு. உங்கள் தம்பி கொத்தனார் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


பழைய கந்தோர்காரன் | திங்கள், பிற்பகல் 3.40

திருச்சித் தம்பிக்கு நன்றி. இங்கே அப்படித் தனித் தீர்ப்பாயமும் இல்லை, நீதிபதியைக் கட்டுப்படுத்தும் வயது அட்டவணையும் இல்லை. ரோமன் டச்சுச் சட்ட வழியில், நிரூபித்த இழப்பைப் பார்த்து நீதிபதி தீர்மானிப்பார். ஆனாலும் அந்தச் சிந்தனை முறை பயன்படும். நான் வேலையில் இருந்த காலத்தில் சதவீதத்தைப் பார்த்ததும் மனிதனை மறந்துவிடும் பழக்கம் எங்களுக்குள் இருந்தது. “கால் 20 வீதம்” என்று கோவையில் எழுதினால் அதோடு முடிந்தது. அந்தக் கால் சாரத்தில் ஏறிய காலா, மேசைக்குக் கீழே நீட்டியிருந்த காலா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நானும் பல தடவை கேட்கவில்லை. அது இன்றும் மனதில் கிடந்து குத்துகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மட்டுவில் பிள்ளைக்கு ஒரு கணக்கு. தம்பி நாளைக்குத் தேறி, சாரம் ஏறாமல் கீழே நின்று செய்யும் வேலைக்கு மட்டும் போகிறார், 3,000 கிடைக்கிறது என்று வைப்போம். நாளுக்கு 1,500 குறைவு, மாதம் 30,000, வருடம் 3,60,000. 60 வயது வரைக்கும் 26 வருடத்தை அப்படியே பெருக்கினால் 93,60,000. அதை யாரும் தர மாட்டார்கள், தருவதும் சரியில்லை, முற்பணமாக வருவதால். திருச்சித் தம்பியின் 16ஐ வைத்தால் 57,60,000. நான் இன்னும் கஞ்சத்தனமாக 10 என்று வைத்தாலும் 36 இலட்சம்.


பனங்கூடல் | திங்கள், மாலை 6.05

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். 36 இலட்சம், 57 இலட்சம் என்று எழுதினால் அந்தக் குடும்பம் அதை நம்பிக்கொண்டு இருக்காதா? மேசனுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? கையில் வாங்கிய கூலியை எந்த நீதிமன்றம் ஏற்கும்? என் மச்சானுக்கு அங்கேதான் சறுக்கியது. “நீ இவ்வளவு உழைத்தாய் என்பதற்கு என்ன சாட்சி?” என்று கேட்டபோது அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.


பழைய கந்தோர்காரன் | திங்கள், மாலை 6.50

நியாயமான கேள்வி. 36 இலட்சம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. 3 இலட்சம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்க அந்தக் குடும்பத்திடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்றுதான் போட்டுக் காட்டினேன்.

சாட்சி பற்றி. வேலை தந்த பாஸ் நீதிமன்றத்துக்கு வந்து சொல்லலாம். அவருடைய கூலிக் கொப்பியில் தம்பியின் பெயர் இருக்கும், அந்தப் பக்கங்களை இப்போதே போட்டோக் கொப்பி எடுங்கள், கொப்பிகள் மழையில் நனையும், தொலையும். வீடு கட்டிய உரிமையாளர்கள் ஒரு கடிதம் தரலாம். சனிக்கிழமை தோறும் வங்கியில் போட்ட காசு, கட்டி வந்த சீட்டு, நகைக்கடன் வட்டி கட்டிய ரசீது, இவை எல்லாம் ஒரு மனிதன் ஒழுங்காக உழைத்தான் என்பதைச் சொல்லும். கிராம சேவையாளரின் கடிதம் உதவும், ஆனால் அதைமட்டும் நம்ப வேண்டாம். உங்கள் மச்சானுக்கு இதை யாராவது முதல் வருடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.


சுன்னாகம் மகள் | திங்கள், இரவு 9.25

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். எங்கள் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவைக் கே.கே.எஸ். வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்தது. வலது மணிக்கட்டும் தோள்மூட்டும். அம்மா இரண்டு பசு வைத்திருந்தா, மிளகாய்த்தூள் இடித்து அயலுக்கு விற்பா. கை போன பிறகு பால் கறக்க முடியாது, பசுக்களை விற்றோம். கேட்டபோது, “வீட்டில் இருக்கிற அம்மாதானே, வருமான இழப்பு இல்லையே” என்றார்கள். நாங்களும் அதை நம்பினோம். பிறகு ஒருவர் விளங்கப்படுத்தினார், அம்மா செய்த வேலையை இன்று காசு கொடுத்துச் செய்விக்கிறீர்களே, அந்தக் காசுதான் இழப்பு என்று. ஓடிப்போய் லோயரைப் பார்த்தோம். விபத்து நடந்து 2 வருடமும் 3 மாதமும் ஆகியிருந்தது. “அம்மா, காலம் கடந்துவிட்டது” என்று அவர் சொன்ன இடத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அந்தச் சிவலைப் பசுவையாவது வைத்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னா.

மட்டுவில் அக்கா, தம்பியின் மனைவி தையலை விட்டுப் பார்த்தாளோ, அம்மா பேரப்பிள்ளையைப் பார்த்தாவோ, அதையும் எழுதி வையுங்கள்.


காவிரிக்கரை | திங்கள், இரவு 10.00

சுன்னாகம் சகோதரிக்கு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் வரிசையில் “உழைக்காதவர்கள்” என்று சேர்த்ததை எங்கள் உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு விபத்து வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. அம்மாவுக்கு இது பலனில்லை, தெரியும். ஆனாலும் அவர் உழைக்காதவர் இல்லை என்பதைச் சொல்ல நினைத்தேன்.


கறுப்புக் கோட்டு | செவ்வாய், காலை 8.15

சுன்னாகம் தங்கச்சி எழுதியதை வாசித்து மனம் கனத்தது. அதே போன்ற கோவைகளை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

விட்டுப்போன சில விடயங்கள். சாரதிக்கு எதிராகப் பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கின் திகதியைக் கேட்டு அறிந்து தம்பியும் போக வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17(4) ஆம் பிரிவின் கீழ், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆள் வராவிட்டால் தண்டப்பணத்தோடு கதை முடிந்துவிடும். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள்.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு முறிவு சட்டத்தில் கடுங்காயம். ஆனால் அந்த அறிக்கை காயத்தைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. அதற்கு எலும்பு நிபுணரிடம் தனியாகக் கடிதம் கேளுங்கள். “முழங்கால் இவ்வளவு பாகைதான் மடங்கும், ஏணி ஏற முடியாது, பாரம் தூக்க முடியாது” என்று செயலைச் சொல்லும் கடிதம்.

வேலைக்குப் போகும் வழியில் என்றீர்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது வேலைக்குப் போய்வரும் பயணத்தில் வரும் விபத்தையும் சேர்த்தார்கள். பாஸிடம் கூலிக்கு வேலை செய்தவர் என்றால் அந்த வழியையும் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்.

பனங்கூடல் சொன்னதும் உண்மை, வழக்கு நீளும். அதனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசித் தீர்ப்பதே பல குடும்பங்களுக்கு நல்லது. இப்போது காசு அவசரம் என்றால், இறுதித் தீர்வு என்று எழுதாமல், “உரிமைகளுக்குப் பாதகமின்றி, நட்டஈட்டின் ஒரு பகுதியாக” என்று எழுதிய பற்றுச்சீட்டோடு ஒரு தொகை கேளுங்கள். நிறுவனம் மறுக்கலாம். வாகன உரிமையாளர் சில நேரம் தருவார்.


லண்டன் பொடியன் | செவ்வாய், பிற்பகல் 2.30

இங்கே நண்பர் ஒருவருக்குக் கழுத்து நோவுக்குக் கிடைத்த தொகையைச் சொல்ல வந்தேன். இங்கிலாந்தில் 2021 மே 31 முதல் நடந்த விபத்துகளில் கழுத்து நோவுக்கு நிலையான அட்டவணை வந்துவிட்டது. மேலே எல்லாம் வாசித்த பிறகு, அந்த எண்ணைச் சொல்லி அக்காவைக் குழப்பாமல் விடுகிறேன். பிசியோவுக்குக் காசு தேவைப்பட்டால் தனிமடல் போடுங்கள் அக்கா.


மட்டுவில் அக்கா | சனி, மாலை 5.20

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது.

நேற்று கையெழுத்து வைக்கவில்லை. வந்தவரிடம் இந்த 3 இலட்சத்தின் கணக்கை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பாஸ் வீட்டுக்குப் போனேன். அவர் கூலிக் கொப்பியை எடுத்துத் தந்தார். மூன்று வருடக் கொப்பி. தம்பியின் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. சில கிழமை ஏழு நாளும் போயிருக்கிறான். மழை நாட்களிலும் கோவில் திருவிழா நாட்களிலும் கோடு. கொடிகாமம் சந்தியில் நின்று எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்தேன். வான்காரரிடமும் சட்டத்தரணி சொன்ன மாதிரியே கேட்டோம். ஒரு இலட்சம் தந்தார், “பகுதியாக” என்று எழுதிய சீட்டில் அவரும் கையெழுத்து வைத்தார். சங்கிலி மீளவில்லை, வட்டி கட்டினோம்.

தம்பியிடம் ஹெல்மெட் பற்றிச் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னான், சொன்னேன். இரவு அவனே கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினான். கொமட், ஓட்டோ, ஸ்கான் எல்லாம் எழுதிவிட்டு, கீழே, “பங்குனித் திங்களுக்குப் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலில் பொங்கும்போது குந்தி இருந்து அடுப்பு மூட்டுவது நான்” என்று எழுதியிருக்கிறான். இதற்கு எவ்வளவு போடுவது என்று கேட்கிறான்.

ஐயா, இதையும் எழுதலாமா?


பழைய கந்தோர்காரன் | சனி, மாலை 5.45

எழுதச் சொல்லுங்கள் பிள்ளை. வாழ்க்கையில் இழந்தவை என்று நட்டஈட்டில் ஒரு தலைப்பு இருக்கிறது, அது அங்கேதான் வரும். தொகைக்குரிய இடத்தை வெறுமையாக விடுங்கள். அதை நீதிபதி போடட்டும்.